லேத்தை செட் செய்தது யார்? இரண்டு போர்களும் பிரிட்டன் பெண்களின் கூலியும்

மார்ச் 2, காலை 9.40 – வாசகர் கேள்வி

முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். நன்றிக்கடனாக அரசு 1918இல் ஓட்டுரிமை கொடுத்தது. போர் வராமல் இருந்திருந்தால் பிரிட்டன் பெண்கள் அடுப்படியை விட்டே வெளியே வந்திருக்க மாட்டார்கள். இதில் மறுக்க என்ன இருக்கிறது?

மார்ச் 2, இரவு 8.15

மறுக்க நிறைய இருக்கிறது. முதலில் அந்த அடுப்படி.

1914 ஜூலையில், போர் தொடங்குவதற்கு முன்பே, ஏறக்குறைய 59 லட்சம் பெண்கள் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். லங்காஷயர் பஞ்சாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தறி ஓட்டினார்கள். அடுப்படியில் இருந்தவர்களிலும் பெரும் கூட்டம் நின்றது அடுத்தவர் வீட்டு அடுப்படியில். வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் 16.58 லட்சம். 1918 ஜூலையில் அந்த எண்ணிக்கை 12.58 லட்சமாக இறங்கியது. உலோகத் தொழிலில் 1.70 லட்சம் பெண்கள் 5.94 லட்சமானார்கள். வேலை செய்த பெண்கள் மொத்தம் 73 லட்சம். வெளியே வராதவர்கள் வந்தது ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி எஜமானியம்மாவின் மணியோசையிலிருந்து தொழிற்சாலைச் சங்குக்கு இடம் மாறியது.

அடுத்தது ஓட்டு. 1918 பிப்ரவரி 6 சட்டம் ஆணுக்கு 21 வயது போதும் என்றது. போரில் இருந்தவனுக்கு 19. பெண்ணுக்கு 30. அதிலும் அவளோ கணவனோ உள்ளாட்சி வாக்காளராக இருக்க வேண்டும்; இல்லையென்றால் பட்டதாரிகள் ஓட்டுப் போடும் பல்கலைக்கழகத் தொகுதிக்குரிய பட்டத்தகுதி வேண்டும். குண்டு நிரப்பிய பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தார்கள், பெற்றோர் வீட்டிலோ விடுதியிலோ தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டு வர 1928 ஆனது. நன்றிக்கடன் என்றால் கடன் கொடுத்தவளுக்குத்தானே முதலில் திரும்ப வேண்டும்?

போர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை 7.05

கீழே ஒருவர் ‘30 என்ற எண் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டிருக்கிறார். 21 வயதிலேயே கொடுத்தால் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகமாகிவிடுவார்கள் என்ற பயம். ஓட்டுரிமைத் திருத்தத்தைப் பேச 1916–17இல் கூடிய சபாநாயகர் மாநாட்டில் 30, 35 என்ற இரண்டு எண்களும் மேசையில் இருந்தன. 30 வென்றது. 84 லட்சம் பெண்கள் பட்டியலில் சேர்ந்தார்கள்.

அதே 1918 நவம்பரில் இன்னொரு சட்டம் வந்து, 21 வயதுப் பெண் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாம் என்றது. நிற்கலாம். ஆனால் தனக்கே ஓட்டுப் போட முடியாது.

மார்ச் 3, இரவு 10.30

கூலிக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

1915 மேயில் போர்முனையில் குண்டுத் தட்டுப்பாடு பெரும் அரசியல் விவகாரமானது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், அரசும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. லேத்தில், அதாவது உலோகம் கடையும் இயந்திரத்தில், தேர்ச்சி பெற்ற ஆண் டர்னரின் வேலையைத் துண்டாக்கி மற்றவர்களிடம் கொடுக்கலாம், போர் முடிந்ததும் பழைய முறை திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சங்க மொழியில் இதற்குப் பெயர் ‘டைல்யூஷன்’. பாலில் தண்ணீர் சேர்ப்பதைச் சொல்வோமே, அந்த நீர்த்தல்தான். தண்ணீர் என்று அவர்கள் சொன்னது பெண்ணையும் பயிற்சியில்லாத ஆணையும்.

துண்டாக்குவது எப்படி? கேப்ஸ்டன் லேத்தில் பித்தளைக் கம்பியிலிருந்து ஃபியூஸ் (குண்டை வெடிக்க வைக்கும் அமைப்பு) பாகம் கடைவதை எடுத்துக்கொள்ளுங்கள். டூல்களை மாட்டித் திருப்பும் தலையான டர்ரெட்டுக்கு ஆறு முகம். ஒரு முகத்தில் கம்பியை நிறுத்தும் ஸ்டாப், அடுத்ததில் டிரில், அதற்கடுத்து துளையைப் பெரிதாக்கும் போரிங் டூல், பிறகு மரை வெட்டும் டை, இப்படி வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அதனதன் ஸ்டாப் திருகு. டூலைத் தீட்டி, உயரம் பார்த்து, ஸ்டாப்பை அளந்து இறுக்கி, முதல் உருப்படியை கேஜ் என்ற அளவுகோலில் போட்டுச் சரிபார்ப்பது செட்டரின் வேலை. செட்டர் ஆண். அதன்பின் கம்பியை நீட்டி, அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டை இறுக்குவது, கைச்சக்கரத்தைச் சுற்றி டூலை ஸ்டாப்வரை தள்ளுவது, பின்னுக்கு இழுத்து அடுத்த முகத்தைத் திருப்புவது, கடைசியில் வெட்டி எடுப்பது, இவ்வளவும் பெண்ணின் வேலை. கேஜின் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. டூல் தேயத் தேய அளவு நகரும். நுழையக் கூடாத முனை நுழைந்துவிட்டால் உருப்படி கழிவு.

அளவு நகர்ந்தால் அவள் செட்டரைக் கூப்பிட வேண்டும். அவர் வேறு லேத்தில் குனிந்திருப்பார். காத்திருக்கும் நேரத்துக்கு உருப்படிக் கூலி கிடையாது. அதே காத்திருப்பைக் காட்டி ‘அவளால் ஆண் உதவியில்லாமல் செய்ய முடியவில்லை, ஆகவே முழுக் கூலிக்குத் தகுதியில்லை’ என்று முதலாளி வாதிட்டார். செட் செய்யக் கற்றுக்கொடுக்காததும் அவர்தான்.

1915 அக்டோபரில் போர்த்தளவாட அமைச்சகத்திலிருந்து வந்த எல்-2 சுற்றறிக்கை, தேர்ச்சி தேவையில்லாத ஆண் வேலையைச் செய்யும் பெண்ணுக்கு வாரம் 1 பவுண்டு என்றது. உருப்படிக் கணக்கில் ஆணுக்கு என்ன விலையோ அதே விலை. முழுத் தேர்ச்சி வேலையை முழுதாகச் செய்தால் ஆணின் கூலி. முதலில் இது வெறும் பரிந்துரை. 1916 தொடக்கத்தில்தான் சட்ட வலு வந்தது. அதற்கு அழுத்தம் கொடுத்தவர்களில் பெண் தொழிலாளர் தேசியக் கூட்டமைப்பின் மேரி மெக்கார்தர் முக்கியமானவர். ‘முழுதாக’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டன. வேலையில் ஒரு துளி ஆண் கையில் இருந்தால் போதும், முழுக்கூலி தர வேண்டியதில்லை.

மார்ச் 4, மதியம் 1.20

‘பிடிக்காவிட்டால் வேறு தொழிற்சாலைக்குப் போயிருக்கலாமே?’

முடியாது. 1915 ஜூலையின் போர்த்தளவாடச் சட்டப்படி விலகல் சான்று வேண்டும். அது இல்லாமல் வெளியேறினால் ஆறு வாரம் வேறு எவரும் வேலை தர முடியாது. ஆறு வாரம் கூலியில்லாமல் வாடகை எப்படிக் கட்டுவது? 1917 அக்டோபரில்தான் இது எடுக்கப்பட்டது.

மார்ச் 5, இரவு 9.00

மஞ்சள் தோல் பற்றிக் கேட்டவருக்கு.

குண்டில் நிரப்பும் டிஎன்டி வெடிமருந்தின் தூள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். கை, முகம், முன்முடி மஞ்சளாகும். ‘கேனரி’ என்று ஊரார் அழைத்தார்கள், அந்த மஞ்சள் குருவியின் பெயரால். நிறம் மட்டுமானால் வேலையை விட்டபின் மங்கும். ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தால் அது வேறு கதை. பதிவான நச்சுக் காமாலை 1916இல் 181 பேருக்கு, இறந்தவர்கள் 52. 1917இல் 189 பேர், 44 சாவு. 1918இல் 34 பேர், 10 சாவு. இறங்கியதற்குக் காரணம் மருத்துவச் சோதனை, ஆட்களை டிஎன்டி வேலையிலிருந்து முறை வைத்து மாற்றியது, காற்றோட்டம், கையால் கலந்ததை இயந்திரத்துக்கு மாற்றியது. இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்கலாம் என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

உள்ளே நுழையும் முறையும் கேட்டிருந்தார். உடை மாற்றும் அறையின் நடுவே ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். கொண்டை ஊசி, நெருப்புக்குச்சி, மோதிரம், எஃகுப் பட்டை வைத்த உள்ளாடை, ஆணி அடித்த செருப்பு, எதுவும் தடுப்பைத் தாண்டக் கூடாது. ஒரு பொறி போதும். அதற்குமேல் சோதனை. கொண்டை ஊசி கண்டெடுக்கப்பட்டு வழக்குமன்றம் போனவர்கள் உண்டு.

லீட்ஸ் அருகே பார்ன்போ குண்டுத் தொழிற்சாலையில் 1916 டிசம்பர் 5 இரவு பத்து மணி தாண்டி, ஷிப்ட் மாறிய கொஞ்ச நேரத்தில், 42ஆம் அறை வெடித்தது. நாலரை அங்குலக் குண்டுகளில் ஃபியூஸ் திருகும் அறை. 35 பெண்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் வேலை மீண்டும் தொடங்கியது. தணிக்கையால் போர் முடியும்வரை வெளியில் முழு விவரம் வரவில்லை. பார்ன்போ தனக்கென்று மாடு வளர்த்த தொழிற்சாலை. டிஎன்டிக்குப் பால் நல்லது என்று நம்பிக் குடிக்கக் கொடுத்தார்கள்.

மார்ச் 5, இரவு 11.50

ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் இருந்த கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலையை விட்டுவிட்டேன். அங்கே நைட்ரோகிளிசரினையும் பருத்திவெடியையும் சேர்த்துப் பெண்கள் கையால் பிசைந்தார்கள், கார்டைட் என்ற வெடிமருந்து செய்ய. பார்க்க வந்த, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் அந்தக் கூழுக்கு வைத்த பெயர் ‘பிசாசின் கஞ்சி’.

மார்ச் 7, காலை 6.45

பேருந்து. 1918 ஆகஸ்டில் லண்டன் ஆண் நடத்துநர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) போர்ப்படி கொடுத்தார்கள், பெண்களுக்கு இல்லை. வில்ஸ்டன் பணிமனைப் பெண்கள் வண்டியை எடுக்க மறுத்தார்கள். சில நாளில் மற்ற பணிமனைகள், பிறகு பிரிஸ்டல், பாத், ஹேஸ்டிங்ஸ் போன்ற ஊர்கள் சேர்ந்தன. 5 ஷில்லிங் கிடைத்தது.

லேத்தில் நடக்காதது இங்கே ஏன் நடந்தது? நடத்துநர் வேலையைத் துண்டாக்க முடியாது. அதே வண்டி, அதே வழித்தடம், அதே டிக்கெட் துளைக்கும் கருவி, அதே படிக்கட்டு. செட்டர் என்று ஓர் ஆள் நடுவில் இல்லை.

மார்ச் 8, இரவு 8.40

போர் முடிந்தபின். 1919இல் ‘போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்கும் சட்டம்’ வந்தது. 1915இல் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது, ஆண் தொழிற்சங்கங்களுக்கு. வேலையிழந்த பெண்களுக்கு வாரம் 25 ஷில்லிங் உதவித்தொகை. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகம் வீட்டு வேலை ஒன்றைக் காட்டி, அவள் மாட்டேன் என்றால் தொகை நிற்கும். அந்த வீட்டு வேலைக்குப் போனாலோ 1920இன் வேலையின்மைக் காப்பீடு கிடையாது. தனியார் வீட்டு வேலையை அந்தச் சட்டம் சேர்க்கவே இல்லை. 1921 கணக்கெடுப்பில் வேலை செய்யும் பெண்களின் விகிதம் 1911ஐவிடச் சற்றுக் குறைவு.

மார்ச் 8, இரவு 9.15

கால்பந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலை டிராம் வண்டி செய்த இடம், போரில் குண்டுக்கு மாறியது. அங்கு வேலை செய்த பெண்களின் அணி 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் ஆடியபோது 53,000 பேர் பார்த்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம் தன் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. ஐம்பது ஆண்டு நீடித்தது.

மார்ச் 10, காலை 7.30 – திருத்தம்

முதல் பதிவில் ‘எல்லாம் பழையபடி ஆகிவிட்டது’ என்று எழுதினேன். ஒருவர் 1919 டிசம்பர் 23 சட்டத்தை நினைவூட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பெண் என்பதற்காகப் பொதுப்பணியோ வழக்கறிஞர் தொழிலோ மறுக்கக் கூடாது என்று அச்சட்டம் சொன்னது. ஜூரியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆக்ஸ்போர்டு 1920இல் பட்டம் கொடுத்தது. (கேம்பிரிட்ஜ் 1948வரை இழுத்தது.) எனவே என் வாக்கியத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்: லேத் ஓட்டியவளுக்குப் பழையபடி ஆனது, படித்த வீட்டுப் பெண்ணுக்குச் சில கதவுகள் திறந்தன.

அதுவும் திருமணம்வரை. மணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி ஆசிரியைகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் தொடர்ந்தது. 1919 சட்டத்தைக் காட்டி மணமான ஆசிரியை ஒருவர் பூல் நகராட்சிமீது தொடுத்த வழக்கு, 1920களின் நடுவில் மேல்முறையீட்டில் தோற்றது.

மார்ச் 10, மாலை 6.10

இலங்கை வாசகர் ஒருவர் எழுதியது இங்கே பொருத்தம். 1927–28இல் வந்த டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கும் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 30 என்றே பரிந்துரைத்தது. பிரிட்டனின் 1918 அளவுகோல் அப்படியே கப்பலேறி வந்திருக்கிறது. அதற்குள் பிரிட்டனே 21க்கு இறங்கிவிட்டதால் இங்கும் 21 ஆக்கப்பட்டு, 1931இல் நடைமுறைக்கு வந்தது. நான் யோசித்திராத இணைப்பு, நன்றி.

மார்ச் 12, இரவு 10.00

இரண்டாம் போர். இம்முறை அரசு காத்திருக்கவில்லை. தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் 1941 ஏப்ரலில் பெண்களைப் பதிவு செய்ய வைத்தார். டிசம்பர் 18 அன்று தேசிய சேவை (எண் 2) சட்டம்: 20 முதல் 30 வயதுவரை மணமாகாதவர்களும் குழந்தையில்லாத கைம்பெண்களும் கட்டாய சேவைக்கு. படைத்துணைப் பிரிவு, குடிமைப் பாதுகாப்பு, தொழிற்சாலை இவற்றில் விருப்பம் சொல்லலாம். 14 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் விலக்கு. பதிவு செய்திருந்த மற்றவர்களை ‘நகரக்கூடியவர்’, ‘நகர முடியாதவர்’ என்று பிரித்தார்கள். கணவன் வீட்டைப் பார்க்க வேண்டியவள் நகர முடியாதவள். உள்ளூர் வேலைதான் கொடுக்க முடியும். தனியாள் நகரக்கூடியவள், எந்த ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் அனுப்பலாம்.

எழுத்துமூலம் சம்மதித்தால் ஒழிய எந்தப் பெண்ணையும் கொலைக்கருவி இயக்கச் சொல்லக் கூடாது என்று சட்டத்திலேயே இருந்தது. விமான எதிர்ப்பு பீரங்கிப் படையில் பெண்கள் உயரமானி பார்த்தார்கள், குண்டும் விமானமும் சந்திக்கும் இடத்தைக் கணிக்கும் கருவியை இயக்கினார்கள். சுடுவதை மட்டும் ஆண் செய்தான். சம்பளம் ஆணுக்குக் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு.

செட்டர் நினைவிருக்கிறதா?

மார்ச் 13, காலை 6.50

தொடர்ச்சி. 1940 மே மாத உடன்படிக்கை, பொறியியல் தொழில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் போட்டது. முதல் 8 வாரம் பெண் கூலி. பிறகு படிப்படியாக ஏற்றம். 32 வாரம் முடிந்ததும், ‘கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இல்லாமல்’ செய்தால் ஆணின் அடிப்படைக் கூலியும் போனஸும் முழுதாக.

1915இன் ‘முழுதாக’ வேறு சட்டை போட்டு வந்துவிட்டது. கனமான உருப்படியைத் தூக்கி வைக்க ஓர் ஆண் வந்தால் அது உதவி. டூல் மாற்ற செட்டர் வந்தால் அது மேற்பார்வை. இன்னொரு வழியும் இருந்தது. ‘இந்த வேலையைப் போருக்கு முன்பே பெண்கள் செய்தார்கள்’ என்று சொல்லிவிட்டால் உடன்படிக்கையே பொருந்தாது. சராசரியாகப் பெண்ணின் வார வருமானம் போர்க்காலம் முழுக்க ஆணுடையதில் பாதியை ஒட்டியே நின்றது.

கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டன் ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில் 1943 இலையுதிர்காலத்தில் ஏறக்குறைய 16,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் வந்த ஒப்பந்தம்தான் இந்த இழையின் கேள்விக்கு என் பதில். ஆலையிலுள்ள இயந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். எந்த இயந்திரத்தில் என்ன வேலை, அதற்கு என்ன கூலி என்று எழுதினார்கள். நிற்பது ஆணா பெண்ணா என்பது கணக்கில் வராது. ‘உதவி’, ‘மேற்பார்வை’ என்று வாதாட இடமே இல்லை. பொறியாளர் தொழிற்சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டு ஜனவரியில்தான்.

மார்ச் 14, இரவு 9.30

பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. போர்க்காலக் குழந்தைக் காப்பகங்கள் 1940 அக்டோபரில் 14, 1943இல் 1,345. நாளுக்கு 1 ஷில்லிங். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகளைப் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் பார்த்தார்கள். கடைக்குப் போவது அதைவிடச் சிக்கல். ஷிப்ட் முடியும்போது கறிக்கடை மூடியிருக்கும், ரேஷன் கையில் இருந்தும் பொருள் இருக்காது. மணமான பெண்கள் வேலைக்கு வராத நாட்களைச் சோம்பல் என்று கண்டித்த ஃபோர்மேன்கள் கடைசியில் கடைக்குப் போக நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

அரை நாள் வேலை பரவியது இதனால்தான். 1944இல் ஏறக்குறைய 9 லட்சம் பெண்கள் பகுதிநேரம். இருவர் சேர்ந்து ஓர் ஆள் கணக்கு.

மார்ச் 15, காலை 7.00 – இன்னொரு திருத்தம்

இதை எழுதியபின் என் நிலைப்பாட்டில் ஒரு பகுதி மாறுகிறது. இரண்டாம் போருக்குப் பிறகும் மொத்த விகிதம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் யார் வேலை செய்தார்கள் என்பது மாறியது. 1931இல் வேலை செய்த பெண்களில் ஆறில் ஒருவர் மணமானவர். 1951இல் ஏறக்குறைய ஐந்தில் இருவர். ஆசிரியைகளுக்கான மண விதி 1944 கல்விச் சட்டத்தோடு போனது, அரசு ஊழியர்களுக்கு 1946 அக்டோபரில். (வெளியுறவுப் பணியில் 1970களின் தொடக்கம்வரை இருந்தது.) ஆட்பற்றாக்குறை போரோடு முடியவில்லை என்பதே காரணம். 1919இல் வேலை இல்லை. 1946இல் ஆள் இல்லை.

மார்ச் 16, மதியம் 2.10

ஊதியத்திலும் இழப்பீட்டிலும் நாடாளுமன்றம் என்ன செய்தது? போர்க்காலத்திலிருந்து இரண்டு மட்டும் சொல்கிறேன்.

குண்டுவீச்சில் காயம்பட்ட குடிமக்களுக்கு 1939 திட்டம் கொடுத்த வாரத் தொகையில் பெண்ணுக்கு 7 ஷில்லிங் குறைவு. கால் போனால் கால் போனதுதான். அதில் பெண் கால் மலிவாம். மேவிஸ் டேட், எடித் சம்மர்ஸ்கில் போன்ற உறுப்பினர்கள் விடாமல் போராடி 1943 ஏப்ரலில் சமமாக்கினார்கள்.

1944 மார்ச் 28 அன்று ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் என்ற தெல்மா கசலெட்-கியரின் திருத்தம் 117க்கு 116 என்று ஒரே ஓட்டில் வென்றது. இரண்டே நாளில் சர்ச்சில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக்கித் தோற்கடித்தார். ஆசிரியைகளுக்கு முழுச் சமம் 1961இல்.

மார்ச் 18, இரவு 8.20

கடைசியாக, லண்டன் பக்கத்து டேகனம் பற்றிக் கேட்டவருக்கு. 1968இல் அங்குள்ள ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததைச் சம ஊதியப் போராட்டம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்டது தர மாற்றம். நிர்வாகம் அவர்கள் வேலையைத் தேர்ச்சி குறைந்த ‘பி’ தரத்தில் போட்டு, அதிலும் ஆணின் கூலியில் 85 சதவீதம் கொடுத்தது. தேர்ச்சி வேலையான ‘சி’ தரம் வேண்டும் என்பது கோரிக்கை. கிடைத்தது ‘பி’ கூலியில் 92 சதவீதம். 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது, 1975 டிசம்பர் 29 அன்று நடைமுறையானது.

‘சி’ தரம் கிடைக்க இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. அது 1984இல்.